பாக்கெட்டின் பின்னால் போங்கள்: கணினி வலையமைப்புப் பாடத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கணினி வலையமைப்புப் பாடத்தின் முதல் வகுப்பிலேயே ஏழு பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படம் பலகையில் ஏறிவிடும். பிசிக்கல், டேட்டா லிங்க், நெட்வொர்க் என்று கீழிருந்து மேலே ஒப்பிக்கத் தெரிந்ததும் பாடம் கைக்குள் வந்துவிட்ட மாதிரி இருக்கும். மூன்றாவது வாரத்தில், வலையமைப்பில் போகும் தரவுத் துண்டான பாக்கெட்டைப் பற்றி ‘1500 பைட் பாக்கெட் ஒன்று மூன்று இணைப்புகளைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்?’ என்று ஒரு கணக்கு வரும். அங்கே பேனா நின்றுவிடும். ஏழு பெயர்களில் எதுவும் அந்தக் கணக்குக்கு உதவாது.

அந்தப் படத்தைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். இணையத்தின் முன்னோடி வலையமைப்பான ஆர்பாநெட் 1983 ஜனவரி 1 அன்றே, இன்றைய இணையத்தின் நெறிமுறைகளான டிசிபி/ஐபி-க்கு மாறிவிட்டது. ஏழடுக்கு மாதிரி தர ஆவணமாக வெளிவந்தது 1984-இல். இணையம் அந்தப் படத்தைப் பார்த்துக் கட்டப்பட்டதல்ல. செஷன், பிரசன்டேஷன் என்ற இரண்டு அடுக்குகளுக்கு இணையத்தில் தனி இடமே கிடையாது. அந்த வேலைகளைச் செயலிகளே பார்த்துக்கொள்கின்றன. அப்ளிகேஷன், டிரான்ஸ்போர்ட், நெட்வொர்க், லிங்க், பிசிக்கல் என்ற ஐந்தை வைத்துக்கொண்டே பாடம் முழுவதையும் ஓட்டிவிடலாம். தேர்வில் ஏழும் கேட்பார்கள். அதற்கு ஒரு மாலை ஒதுக்கினால் போதும்.

பாடத்தின் உண்மையான கேள்வி வேறு. கீழே இருக்கும் வலையமைப்பு எதற்கும் உத்தரவாதம் தராது: பாக்கெட் தொலையும், இரண்டு தடவை வரும், வரிசை மாறி வரும், தாமதமாக வரும். மேலே இருக்கும் செயலியோ ஒரு பைட்கூடக் குறையாமல், வரிசை மாறாமல் வேண்டும் என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் பாதிப் பாடம். 1969 அக்டோபர் 29 அன்று ஆர்பாநெட்டில் போன முதல் செய்தியே முழுதாகப் போய்ச் சேரவில்லை. ‘லாகின்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் போனதும் மறுமுனைக் கணினி விழுந்துவிட்டது. துறை தொடங்கிய விதமே அப்படி.

பாடம் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பெரிதாக ஒன்றும் இல்லை. சி அல்லது பைத்தானில் நூறு வரி நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். பைனரிக் கூட்டலும் ஹெக்ஸ் எண்களும் பழகியிருக்க வேண்டும். 2-இலிருந்து 1024 வரை இரட்டிக்கும் வரிசையும், 128, 192, 224, 240, 248, 252, 254, 255 என்ற எட்டு எண்களும் யோசிக்காமல் நாக்கில் வர வேண்டும். முகவரித் தொகுதிகளைப் பிரிக்கும் சப்நெட் கணக்குகளில் நேரம் மிச்சமாவது இங்கேதான். கொஞ்சம் நிகழ்தகவு தெரிந்தால் ஒரே ஊடகத்தைப் பலர் பகிரும் ஈதர்நெட், அலோகா முறைகளின் பாடங்கள் சுலபமாகும்.

கணினியில் லினக்ஸ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் மெய்நிகர் கணினியாகப் போட்டுக்கொள்ளலாம். பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை நிறுவுங்கள். லினக்ஸில் நிறுவிய பிறகு இடைமுகங்களின் பட்டியல் காலியாகத் தெரிந்தால் மென்பொருளில் கோளாறு இல்லை. உங்கள் கணக்கு வயர்ஷார்க் குழுவில் சேர்க்கப்படவில்லை என்று பொருள். சேர்த்துவிட்டு, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். விண்டோஸில் என்பிகேப் என்ற துணை இயக்கியும் சேர்ந்து நிறுவப்பட வேண்டும். உங்கள் சொந்தக் கணினியின் போக்குவரத்தையும் அனுமதி கிடைத்த ஆய்வக வலையமைப்பையும் மட்டும் பிடியுங்கள். பொது இடத்து வைஃபையில் அடுத்தவர் பாக்கெட்டைப் பிடிப்பது பல நாடுகளில் குற்றம்.

முதல் மாலை: ஒரே ஒரு பிங்

வயர்ஷார்க்கில் பதிவைத் தொடங்கி, லினக்ஸ் முனையத்திலிருந்து உங்கள் ரவுட்டரின் முகவரிக்கு ஒரே ஒரு பிங், அதாவது ‘இருக்கிறாயா?’ என்று கேட்கும் பாக்கெட், அனுப்புங்கள். மேலே வடிகட்டிப் பட்டையில், பிங் பயன்படுத்தும் நெறிமுறையான ஐசிஎம்பி என்பதை ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் தட்டினால் இரண்டு வரிகள் மிஞ்சும்: போனது ஒன்று, வந்தது ஒன்று.

முனையம் 64 பைட் என்று சொல்லும். வயர்ஷார்க் 98 என்று காட்டும். இரண்டுமே சரி. பிங் போடும் வெற்றுத் தரவு 56 பைட். அதன்முன் 8 பைட் ஐசிஎம்பி ஹெட்டர் (தலைப்புத் தகவல்) சேர்ந்து 64. அதற்கு 20 பைட் ஐபி ஹெட்டர் சேர்ந்து 84. அதற்கு 14 பைட் ஈதர்நெட் ஹெட்டர் சேர்ந்து 98. கடைசியில் வரும் 4 பைட் பிழைச்சோதனைப் பகுதியை வலையட்டையே உரித்துவிடுவதால் அது பொதுவாகக் கண்ணில் படாது. அடுக்குகள் என்று பலகையில் வரைந்த படம் இந்த 56, 64, 84, 98 என்ற நான்கு எண்கள்தான்.

இப்போது கீழே உள்ள ஹெக்ஸ் பகுதிக்கு வாருங்கள். முதல் 6 பைட் பெறுபவரின் மேக் முகவரி (வலையட்டையின் முகவரி), அடுத்த 6 பைட் அனுப்புபவருடையது. பிறகு 08 00: உள்ளே இருப்பது ஐபி பதிப்பு 4 என்ற அறிவிப்பு. அதை ஒட்டி 45 00 00 54. இந்த 45-ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 4 என்பது பதிப்பு. 5 என்பது ஹெட்டரின் நீளம், நான்கு பைட் கணக்கில், ஆகவே 20 பைட். 00 54 மொத்த நீளம். ஐந்து பதினாறும் நாலும் 84. சற்றுத் தள்ளி 40 01 என்று வரும்: டிடிஎல் (இன்னும் எத்தனை ரவுட்டர்களைத் தாண்டலாம் என்ற எண்) 64, உள்ளே ஐசிஎம்பி. எண்ணிப் படித்து, பாடநூலின் ஹெட்டர் படத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே அந்த பைட்டை எழுதிவையுங்கள். அரை மணி நேரம் ஆகும். அதன் பிறகு ஹெட்டர் படத்தை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

அடுத்த ஆசை, ஒரு வலைத்தளத்தைத் திறந்து டிசிபி-யின் மூன்று கட்டக் கைகுலுக்கலைப் பார்ப்பது. இங்கே பலர் ஏமாறுவார்கள். இன்றைய உலாவிகள் பெரிய தளங்களோடு கைகுலுக்கல் இல்லாத யுடிபி-யின் 443 போர்ட்டில் க்விக் நெறிமுறை வழியே பேசிவிடும். தேடும் கைகுலுக்கல் பாக்கெட்டுகளான சின், சின்-ஆக் எதுவும் இருக்காது. பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் வினாக்களையும் உலாவி மறையாக்கிக்கொண்டு போகலாம், அல்லது விடை முன்பே தற்காலிக நினைவில் இருக்கலாம். ஆகவே உலாவியை விடுங்கள். டிஎன்எஸ் பார்க்க என்எஸ்லுக்அப் கட்டளை போதும். டிசிபி பார்க்க, பைத்தானோடு வரும் சிறு வலைச் சேவையகத்தை உங்கள் கணினியிலேயே எழுப்புங்கள். வேறு எண் தராவிட்டால் 8000 போர்ட்டில் அது நிற்கும். கணினி தன்னோடு தானே பேசும் லூப்பேக் இடைமுகத்தில் பதிவைத் தொடங்கிவிட்டு ஒரு கோப்பைக் கேளுங்கள். சின், சின்-ஆக், ஆக், பிறகு வேண்டுகோள், பதில், கடைசியில் ஃபின்கள் என்று கதை முழுவதும் திறந்த எழுத்தில் ஓடும்.

லூப்பேக்கில் ஒரு பாக்கெட் பல்லாயிரம் பைட் நீளம் இருந்தால் பதற வேண்டாம். லினக்ஸில் அந்த இடைமுகத்தின் எம்டியு, அதாவது ஒரே பாக்கெட்டின் உச்ச அளவு, 65536. ஈதர்நெட்டின் 1500 அங்கே பொருந்தாது. உண்மையான வலையட்டையிலும் 1500-ஐத் தாண்டிய பாக்கெட்டுகள் தெரியலாம். வெட்டும் வேலையை அட்டையே செய்வதால், வெட்டுவதற்கு முந்தைய வடிவத்தை வயர்ஷார்க் பார்க்கிறது. பிழை கண்டுபிடிக்கும் எண்ணான செக்சத்தின் சோதனையை இயக்கியிருந்தால் வெளியே போகும் பாக்கெட்டுகள் தவறு என்று காட்டுவதும் இதே காரணத்தால்தான்: அந்த எண்ணை அட்டை இன்னும் நிரப்பவில்லை.

தாமதக் கணக்கு: மதிப்பெண் கரையும் இடம்

ரயில் நடைமேடையைவிட்டு முழுதாக வெளியேற எடுக்கும் நேரம் ஒன்று. அடுத்த நிலையத்துக்குப் போய்ச் சேரும் நேரம் வேறு. முதலாவது ரயிலின் நீளத்தைப் பொறுத்தது, இரண்டாவது தூரத்தைப் பொறுத்தது. பாக்கெட்டை முழுதாகக் கம்பியில் ஏற்ற ஆகும் நேரம் டிரான்ஸ்மிஷன் தாமதம். ஏறிய பிட் மறுமுனை சேர ஆகும் நேரம் புரோபகேஷன் தாமதம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் தவறு.

3000 கிலோமீட்டர் கண்ணாடி இழை, 100 மெகாபிட் வேகம், 1500 பைட் பாக்கெட் என்று வைத்துக்கொள்வோம். 1500 பைட் என்றால் 12,000 பிட். அதை நொடிக்கு 10 கோடி பிட்டால் வகுத்தால் 0.12 மில்லிநொடி. இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அதாவது ஒரு மில்லிநொடிக்கு 200 கிலோமீட்டர். ஆக 3000 கிலோமீட்டருக்கு 15 மில்லிநொடி. மொத்தம் 15.12. இணைப்பை ஒரு கிகாபிட்டாக உயர்த்தினால் 15.012. பத்து மடங்கு வேகம், மிச்சம் ஒரு மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் இதே இணைப்பில் ஒரு கிகாபைட் கோப்பை முழு வேகத்தில் அனுப்பினால் 80 நொடி 8 நொடியாகக் குறையும். ‘நெட் ஸ்பீடு’ என்று எல்லோரும் ஒரே சொல்லில் சொல்வது இரண்டு வேறு அளவுகள் என்பதை இந்தக் கணக்கு புரியவைக்கும்.

அடுத்தது, ரவுட்டர் ஒரு பாக்கெட்டை முழுதாக வாங்கிய பிறகே அடுத்த இணைப்பில் ஏற்றும் என்பது. மூன்று இணைப்புகள், பத்து பாக்கெட்டுகள், புரோபகேஷனை விட்டுவிடலாம். பலர் 3-ஐயும் 10-ஐயும் பெருக்கி 30 × 0.12 = 3.6 மில்லிநொடி என்று எழுதுவார்கள். தவறு. முதல் பாக்கெட் இரண்டாவது இணைப்பில் போகும்போதே இரண்டாவது பாக்கெட் முதல் இணைப்பில் ஏறிக்கொண்டிருக்கும். சரியான எண்ணிக்கை இணைப்புகள் கூட்டல் பாக்கெட்டுகள் கழித்தல் ஒன்று: 12 × 0.12 = 1.44 மில்லிநொடி. சூத்திரத்தை நம்பாமல் ஒரு தடவை கட்டம்போட்டு வரைந்துபாருங்கள். குறுக்கே நேரம், நெடுக்கே இணைப்பு.

அலகுகளில் கண் வையுங்கள். இணைப்பின் வேகம் பிட்டில், கோப்பின் அளவு பைட்டில். வேகத்தில் கிலோ என்றால் எப்போதும் 1000. நினைவகத்தில் 1024 வரலாம். எதை எடுத்தீர்கள் என்பதை விடையின் முதல் வரியிலேயே எழுதிவிட்டால் திருத்துபவரோடு சண்டை இருக்காது.

நம்பிக்கையான அனுப்புதல்

ஒரு பாக்கெட் அனுப்பிவிட்டு, ‘கிடைத்தது’ என்ற பதில் வரும்வரை சும்மா இருப்பது ஸ்டாப் அண்ட் வெயிட். மேலே பார்த்த இணைப்பிலேயே வையுங்கள். போய்வர 30 மில்லிநொடி, ஏற்ற 0.12. பதிலின் நீளத்தைப் புறக்கணித்தால், 30.12 மில்லிநொடிக்கு ஒருமுறை 0.12 மட்டுமே வேலை நடக்கிறது: 0.4 சதவீதம். மீதி நேரம் முழுக்கக் கம்பி காலி. கம்பியை நிரப்ப வேண்டுமானால் பதில் வருவதற்குள் 30.12 ÷ 0.12 = 251 பாக்கெட் வெளியே போயிருக்க வேண்டும். பதிலுக்குக் காத்திராமல் இத்தனை பாக்கெட்வரை அனுப்பலாம் என்னும் ஸ்லைடிங் விண்டோ கருத்து இந்த 251-இலிருந்துதான் பிறக்கிறது. விதியாகப் படித்தால் வறட்டுத்தனமாக இருக்கும்.

கணக்கை இன்னும் ஒரு படி தள்ளுங்கள். 251 பாக்கெட்டுக்கு வரிசை எண்ணில் எத்தனை பிட் வேண்டும்? தொலைந்ததிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி அனுப்பும் கோ-பேக்-என் முறையில், வரிசை எண் k பிட் என்றால் விண்டோ 2ᵏ − 1 வரை போகலாம். 8 பிட் 255 தரும், போதும். தொலைந்ததை மட்டும் மறுபடி அனுப்பும் செலக்டிவ் ரிப்பீட்டில் எண்களில் பாதிதான் விண்டோவாக இருக்கலாம். 8 பிட்டுக்கு 128 மட்டுமே, ஆகவே 9 பிட் வேண்டும். பாதி ஏன்? பெறுபவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு விண்டோவை நகர்த்திவிட்டார், ஆனால் அவர் அனுப்பிய பதில்கள் அனைத்தும் வழியில் தொலைந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்புபவர் பழைய பாக்கெட்டுகளையே மறுபடி அனுப்புவார். விண்டோ பாதிக்கு மேல் இருந்தால் அந்தப் பழைய எண் புதிய விண்டோவுக்குள்ளும் விழும். பெறுபவர் பழையதைப் புதியதென்று எடுத்துக்கொள்வார். எண்கள் 0 முதல் 3 வரை, விண்டோ 3 என்று வைத்து ஒரு தாளில் ஓட்டிப்பாருங்கள், பிசகு கண்ணெதிரே தெரியும்.

டிசிபி ஹெட்டரில் விண்டோவுக்கு 16 பிட், அதிகபட்சம் 65,535 பைட். நம் 30 மில்லிநொடி இணைப்பில் இதை வைத்து எட்டக்கூடிய வேகம் சுமார் 17.5 மெகாபிட். 100 மெகாபிட் இணைப்பு வாங்கியும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குக்கு மேல் போக முடியாது. அதனால்தான் விண்டோவைப் பெருக்கிக்கொள்ளும் விருப்பத்தேர்வு பின்னால் சேர்க்கப்பட்டது. இரு முனைகளும் இதைக் கைகுலுக்கலின்போது மட்டுமே பரிமாறிக்கொள்ளும். உங்கள் பதிவு நடுவிலிருந்து தொடங்கியிருந்தால் பெருக்கும் எண் வயர்ஷார்க்குக்குத் தெரியாது. அது காட்டும் சின்னஞ்சிறு விண்டோவை நம்பிப் பயிற்சிக் கேள்விக்கு விடை எழுதிவிடாதீர்கள்.

இதுவரை பார்த்தது பெறுபவர் மூழ்காமல் காப்பது, அதாவது ஃப்ளோ கன்ட்ரோல். நடுவில் இருக்கும் வலையமைப்பு மூழ்காமல் காப்பது கன்ஜெஷன் கன்ட்ரோல். இரண்டையும் ஒன்றாக எழுதினால் மதிப்பெண் போகும். இந்த இரண்டாவது தேவை என்பது 1986 அக்டோபரில் பட்டுத் தெரிந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, சில நூறு மீட்டர் தூரத்தில், நொடிக்கு 32 கிலோபிட் ஓடிய இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது. நெரிசலில் பாக்கெட் தொலைய, தொலைந்ததை எல்லோரும் மறுபடி அனுப்ப, நெரிசல் இன்னும் கூடியது. இதை ஆராய்ந்து வான் ஜேக்கப்சன் 1988-இல் முன்வைத்த முறைதான் நீங்கள் படிக்கும் ஸ்லோ ஸ்டார்ட்டும் அதைத் தொடர்ந்து வருவதும்.

பெயர் ஸ்லோ என்றாலும் அது மெதுவானதல்ல. ஒவ்வொரு போய்வரும் நேரத்துக்கும் விண்டோ இரட்டிக்கும்: 1, 2, 4, 8. வரம்பைத் தொட்டதும் ஒவ்வொன்றாக ஏறும். டைம்அவுட் ஆனால் 1-க்கு விழும். ஒரே ஆக் (‘கிடைத்தது’ என்ற பதில்) கூடுதலாக மூன்று முறை வந்தால் டிசிபி-யின் ரீனோ வகை பாதியாகக் குறைத்துக்கொள்ளும். இரண்டிலும் புதிய வரம்பு, தொலைந்தபோது இருந்த விண்டோவின் பாதி. டைம்அவுட்டுக்குப் பிறகு வரம்பைக் குறைக்க மறந்து படம் வரைவது வழக்கமான சறுக்கல். ஆய்வகத்தில் லினக்ஸில் அளந்தால் பாடநூலின் ரம்பப் பல் வடிவம் வராது. லினக்ஸ் 2006 முதல் க்யூபிக் என்ற வேறு முறையைத்தான் வழக்கமாகப் பயன்படுத்துகிறது. அது வளைந்து ஏறும். அளவு தவறில்லை. ரீனோவுக்கு மாற்றிக்கொண்டு மறுபடி அளக்கலாம்.

சப்நெட்: ஒரே ஒரு விதி

192.168.10.77/26 என்ற முகவரி. /26 என்றால் முகவரியின் 32 பிட்டில் முதல் 26 வலையமைப்புக்கு; கடைசி எண்ணில் 6 பிட் மிச்சம். தொகுதியின் அளவு 64. தொகுதிகள் 0, 64, 128, 192-இல் தொடங்கும். 77 விழுவது 64-இல் தொடங்குவதில். ஆக வலையமைப்பு முகவரி .64, பிராட்காஸ்ட் .127, கணினிகளுக்கு .65 முதல் .126 வரை 62 முகவரிகள். பைனரியாக மாற்றி அந்த 26 பிட்டைக் குறிக்கும் மாஸ்க்கோடு ‘அண்ட்’ போடுவதை ஒருமுறை செய்துபார்த்தால் போதும், பிறகு இந்தக் குறுக்குவழியே.

ஒரு தொகுதி தன் அளவின் பெருக்கத்தில்தான் தொடங்க முடியும். இது ஒன்றுதான் விதி. 192.168.10.0/24-ஐ 100, 50, 20, 2 கணினிகள் உள்ள நான்கு பிரிவுகளுக்குப் பிரிக்கச் சொன்னால் பெரியதிலிருந்து வாருங்கள்: 100-க்கு .0/25, 50-க்கு .128/26, 20-க்கு .192/27, 2-க்கு .224/30. மிச்சம் .228 முதல் .255 வரை ஒரே துண்டாகக் கிடைக்கும். சின்னதிலிருந்து தொடங்குபவர்கள் .0/30 கொடுத்துவிட்டு, ஒட்டினாற்போல் .4/27 என்று எழுதிவிடுவார்கள். அப்படி ஒரு தொகுதியே கிடையாது. 4 என்பது 32-இன் பெருக்கம் இல்லை.

மாஸ்க் தவறினால் என்ன ஆகும் என்பதை ஆய்வகத்தில் வேண்டுமென்றே செய்துபாருங்கள். .77-இல் இருக்கும் கணினிக்கு /26-க்குப் பதில் /24 கொடுத்து, வேறு சப்நெட்டில் இருக்கும் .130-க்கு பிங் செய்யுங்கள். கணினி அதைத் தன் பக்கத்து வீடு என்று நினைத்து, ரவுட்டரைக் கேட்காமல் நேரே, ஐபி முகவரிக்குரிய மேக் முகவரியைக் கேட்கும் ஏஆர்பி-யில் ‘.130 யார்?’ என்று கூவும். அந்தக் கூவல் ரவுட்டரைத் தாண்டாது. ரவுட்டர் தானாக முன்வந்து பதில் சொல்லாத வரை, சற்று நேரத்தில் ‘ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ வரும், உங்கள் சொந்த முகவரியிலிருந்தே.

பிழைச்செய்திகளைப் பிரித்துப் படிக்கக் கற்றுக்கொண்டால் ஆய்வக நேரம் பாதியாகும். சொந்த முகவரியிலிருந்து ‘அன்ரீச்சபிள்’ என்றால் ஏஆர்பி தோற்றது: மாஸ்க், கேபிள், அல்லது எதிர்க்கணினி அணைந்திருக்கிறது. நேரம் கடந்தது என்றால் பாக்கெட் போனது, பதில் வரவில்லை: திரும்பிவரும் பாதை இல்லை, அல்லது ஃபயர்வால் விழுங்கிவிட்டது. ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்றால் பெரும்பாலும் நல்ல செய்தி. கணினிவரை எல்லாம் சரி, அந்த போர்ட்டில்தான் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பெயர் தெரியவில்லை என்று வந்தால் டிஎன்எஸ்; முகவரி எண்ணைக் கொடுத்துப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

ரூட்டிங் பகுதிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குறுகிய பாதை காணும் டைக்ஸ்ட்ரா முறையை அட்டவணையாக எழுதிப் பழகுங்கள், ஒவ்வொரு சுற்றிலும் எந்தக் கணுவைச் சேர்த்தீர்கள் என்பதைத் தனிக் கட்டத்தில் குறித்துக்கொண்டே. டிஸ்டன்ஸ் வெக்டரில் ஓர் இணைப்பு அறுந்ததும் இரண்டு ரவுட்டர்கள் ஒன்றையொன்று நம்பித் தூரத்தை ஏற்றிக்கொண்டே போவதை மூன்று கணுக்களில் ஓட்டிப்பார்த்தால், ரிப் நெறிமுறையில் 16 என்றால் முடிவிலி என்று ஏன் வைத்தார்கள் என்பது விளங்கும். நிறுவனங்களின் வலையமைப்புகளுக்கு இடையே பாதை சொல்லும் பிஜிபி குறுகிய பாதையைத் தேடுவதில்லை, நிறுவனங்களின் கொள்கையைத்தான் பின்பற்றுகிறது என்ற ஒரு வாக்கியத்தை மறக்காதீர்கள். பாதையிலுள்ள ரவுட்டர்களைப் பட்டியலிடும் டிரேஸ்ரூட்டில் நடுவே நட்சத்திரங்கள் வந்து பிறகு பாதை தொடர்ந்தால், அந்த ரவுட்டர் பதில் சொல்ல விரும்பவில்லை, அவ்வளவுதான்; அங்கே எதுவும் பழுதில்லை.

சாக்கெட் நிரல்: ஆய்வகத்தின் கண்ணிவெடி

பெரும்பாலான ஆய்வகங்களில் ஒரு கிளையன்ட்டும் ஒரு சர்வரும் எழுதச் சொல்வார்கள். எழுதுவது சுலபம். உங்கள் கணினியில் ஓடி, திருத்துபவரின் கணினியில் விழுவதுதான் வழக்கம். காரணம் அநேகமாக ஒன்றுதான்: டிசிபி செய்திகளைக் கொண்டுபோவதில்லை, பைட்டுகளின் ஓடையைத்தான் கொண்டுபோகிறது. நீங்கள் 100 பைட்டாக இரண்டு தடவை அனுப்பினால் மறுமுனையில் ஒரே தடவையில் 200 வரலாம். 37, 163 என்றும் வரலாம். லூப்பேக்கில் சின்னச் செய்திகள் பெரும்பாலும் அனுப்பிய மாதிரியே வந்து சேர்வதால் இந்தப் பிழை ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் 4 பைட்டில் அதன் நீளத்தை அனுப்புங்கள். பெறும்போது அத்தனை பைட் சேரும்வரை சுழலில் படியுங்கள். படிக்கும் செயற்கூறு 0 திருப்பினால் மறுமுனை மூடிவிட்டது என்று பொருள். அதைக் கவனிக்காத நிரல் முடிவில்லாமல் சுற்றும்.

சி-யில் எழுதுபவர்களுக்கு இன்னொன்று. போர்ட் எண்ணை வலையமைப்பு பைட் வரிசைக்கு மாற்ற மறந்தால், 8080 என்று கொடுத்த சர்வர் வழக்கமான கணினிகளில் 36895-இல் போய் நிற்கும். 8080 ஹெக்ஸில் 1F 90 என்ற இரண்டு பைட். அவை இடம் மாறியதால் வந்த எண் அது. பிழைச்செய்தி எதுவும் வராது. கிளையன்ட்டிலும் மறந்திருந்தால் இரண்டும் அதே தவறான போர்ட்டில் சந்தித்து அழகாகப் பேசிக்கொள்ளும். வேறொருவரின் கிளையன்ட்டோடு சோதிக்கும்போதுதான் குட்டு உடையும்.

சர்வரை நிறுத்தி உடனே ஓட்டினால் ‘முகவரி பயன்பாட்டில் உள்ளது’ என்று மறுக்கும். பழைய இணைப்பின் தாமதமான பாக்கெட்டுகள் புதியதில் நுழையாதிருக்க டிசிபி அதைச் சிறிது நேரம் டைம்-வெயிட் நிலையில் வைத்திருக்கிறது. முகவரியை மறுபடி பயன்படுத்தும் தேர்வை, சர்வரை முகவரியோடும் போர்ட்டோடும் இணைக்கும் பைண்டுக்கு முன்பே போடுங்கள், பின்னால் போட்டுப் பயனில்லை. 127.0.0.1-இல் பைண்ட் செய்த சர்வரை வேறு கணினியிலிருந்து எட்ட முடியாது, 0.0.0.0 வேண்டும். லினக்ஸில் சாதாரணக் கணக்கில் 1024-க்குக் கீழ் உள்ள போர்ட்டுகளைக் கேட்காதீர்கள், வழக்கமாக அனுமதி கிடைக்காது.

ஒப்படைக்கும் முன் லினக்ஸின் நெட்எம் வசதியை வைத்து லூப்பேக்கில் 100 மில்லிநொடி தாமதமும் 2 சதவீத இழப்பும் சேர்த்து ஓட்டிப்பாருங்கள். முடிந்ததும் எடுத்துவிட மறக்காதீர்கள்; மறந்தால் மறுநாள் கணினியில் பல மென்பொருள்கள் காரணமில்லாமல் தள்ளாடும்.

மூல ஆவணங்களைப் படிக்கப் பயப்பட வேண்டாம். யுடிபி-யை வரையறுக்கும் ஆர்எஃப்சி 768, 1980-இல் எழுதப்பட்டது, மொத்தம் மூன்று பக்கம். டிசிபி-க்கு 1981-இன் 793 பல ஆண்டுகள் இருந்தது. 2022 முதல் 9293. முழுதும் வேண்டாம், நிலைமாற்றப் படத்தை மட்டும் பாருங்கள். அதில் உள்ள 11 நிலைகளை உங்கள் லூப்பேக் பதிவோடு பொருத்திப்பாருங்கள்.

தேர்வுக்கு முந்தைய வாரம்

புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத் தாளில் எழுதுங்கள்: இப்போதுதான் இயக்கிய கணினி, கேபிள் செருகியாகிவிட்டது, உலாவியில் ஒரு முகவரி தட்டுகிறீர்கள், பக்கம் வருகிறது. நடுவில் போன ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மேக், ஐபி, போர்ட் மூன்றையும் குறியுங்கள். கணினிக்கு ஐபி முகவரி வாங்கித் தரும் டிஎச்சிபி-யில் தொடங்க வேண்டும். போர்ட் 68-இலிருந்து 67-க்கு, அனுப்புபவர் முகவரி 0.0.0.0. பிறகு நேரே டிஎன்எஸ் என்று பலர் தாவுவார்கள். டிஎன்எஸ் சர்வர் வெளியே இருந்தால், முதலில் ரவுட்டரின் மேக் முகவரிக்காக ஏஆர்பி போக வேண்டும். அது இல்லாமல் டிஎன்எஸ் வினாவைச் சட்டகத்தில் போடவே முடியாது. அந்த வினாவில் பெறுபவரின் ஐபி டிஎன்எஸ் சர்வருடையது, பெறுபவரின் மேக் ரவுட்டருடையது. இந்த ஒரு வரியைச் சரியாக எழுதியவருக்கு அடுக்குகள் புரிந்திருக்கின்றன. அதன் பிறகு டிசிபி, டிஎல்எஸ், எச்டிடிபி. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் எது மாறும், எது மாறாது என்று ஓரத்தில் எழுதுங்கள்: இரண்டு மேக் முகவரிகளும் மாறும், டிடிஎல் ஒன்று குறையும், அதனால் ஐபி பதிப்பு 4-இன் ஹெட்டர் செக்சம் மறுபடி கணக்கிடப்படும், ஐபி முகவரிகளும் போர்ட்டுகளும் அப்படியே இருக்கும், வழியில் முகவரிகளை மாற்றி எழுதும் நாட் ரவுட்டர் ஒன்று உட்கார்ந்திருந்தால் தவிர.